குழாயடியில் முப்பத்தெட்டுச் செடி

பிப்ரவரி 3

அன்புள்ள அண்ணிக்கு,

கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போடாமல் இந்த வரி வரைக்கும் வந்துவிட்டீர்கள் என்றால் எனக்குப் பாதி உயிர் வந்த மாதிரி.

போன் செய்யலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். போனில் நாம் இருவரும் ஒரே நேரத்தில் பேசுவோம், ஒரே நேரத்தில் வைத்துவிடுவோம். போன தடவை அப்படித்தான் ஆயிற்று. கடிதத்தில் ஒருவர் முடிக்கும் வரை மற்றவர் வாயைத் திறக்க முடியாது. நமக்கு இதுதான் சரிப்பட்டு வரும்.

அன்று வயலில் அத்தனை வேலையாட்களுக்கு முன்னால், "இரவல் வாங்கின உழவு மெஷினைக் கழுவாம உள்ள விட்டது நீங்கதானே, அதான் இந்தச் சனியன் வந்திருக்கு" என்று நான் கத்தியது தப்பு. மன்னித்துவிடுங்கள். கத்தியது மட்டும்தான் தப்பா, சொன்னதே தப்பா என்பதை இன்னொரு நாள் எழுதுகிறேன். ஒன்றரை வருடமாக நீங்கள் என்னை 'வாலு' என்று கூப்பிடவில்லை. நீங்கள் நம் வீட்டுக்கு வந்தபோது எனக்குப் பதினொரு வயது. அதற்குப் பிறகு இவ்வளவு நாள் அந்தப் பெயரைக் கேட்காமல் நான் இருந்ததே இல்லை.

இப்போது காரியத்துக்கு வருகிறேன். உங்கள் தக்காளி வேரைப் பிடித்து உறிஞ்சும் அந்தப் புகையிலைக் காளான் களைக்குப் பிடிகொடுக்காத ஒரு தக்காளிச் செடியை எங்கள் ஆராய்ச்சி நிலையத்தில் உருவாக்கியிருக்கிறோம். ஆறு வருட வேலை. தொட்டியில் நன்றாக நிற்கிறது. ஆனால் தொட்டி வேறு, மண் வேறு. நிலையத்து வயலுக்குள் அந்தக் களை நுழையவே கூடாது என்பது சட்டம். அதனால் எனக்கு நன்றாகக் கெட்டுப்போன ஒரு வயல் வேண்டும். எனக்குத் தெரிந்ததில் உங்கள் வயல்தான் முதலிடம்.

தருவீர்களா?

உங்கள் நாத்தனார்


பிப்ரவரி 11

டாக்டரம்மாவுக்கு,

உன் கடிதத்தை உன் அண்ணன் சத்தம் போட்டுப் படித்தார். "நன்றாகக் கெட்டுப்போன வயல், முதலிடம்" என்ற இடத்தில் நிறுத்தி என் முகத்தைப் பார்த்தார். நான் அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தேன். துடைத்த இடத்தையே நாலு தடவை துடைத்தேன்.

பரிசு கொடுத்ததற்கு நன்றி. முதலிடம் வாங்க நாங்களும் பாடுபட்டிருக்கிறோம். போன பருவத்தில் ஒரு தக்காளிச் செடிக்கு ஒன்பது முளை கையால் பிடுங்கினேன். மறுநாள் அதே இடத்தில் ஐந்து. இலை இல்லை, பச்சை இல்லை, சொந்தமாகச் சமைக்கிற பழக்கமே இல்லை. அடுத்த வீட்டுச் சட்டியிலேயே கை விடுகிற ஜென்மம். என் முதுகு போனதுதான் மிச்சம்.

உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. கோழிப்பண்ணை வைத்திருக்கிறவர் நம் வயலைக் கேட்டிருக்கிறார். ஜூன் மாதம் டேப்போடு வந்து அளக்கப்போகிறார். அதற்கப்புறம் கொட்டகை, சிமென்ட் தரை. "கோழி ஏமாத்தாது" என்கிறார் உன் அண்ணன். நான் முடியாது என்று சொல்லவில்லை. சொல்ல என் கையில் என்ன இருக்கிறது? ஆனால் இருபது வருஷம் நான் குனிந்து நின்ற மண்ணின் மேல் சிமென்ட் ஊற்றுவதைப் பார்க்க எனக்கு மனசில்லை. இதை உன்னிடம்தான் எழுதுகிறேன், அவரிடம் சொல்லவில்லை.

அதனால் வயலை எடுத்துக்கொள். இந்த ஒரு பருவம்தான். ஒரு நிபந்தனை: நான் கூப்பிடும் வரை நீ இங்கே வரக் கூடாது. வந்தால் நீ பேசுவாய், நானும் பேசுவேன், செடி இரண்டு பேரையும் பார்த்துப் பயந்து போகும்.

கத்தியது தப்பாம், சொன்னது தப்பா என்று இன்னொரு நாள் எழுதுவாளாம். அந்த இன்னொரு நாள் எந்த மாதத்தில் வருகிறது என்று மட்டும் சொல்.

அண்ணி


மார்ச் 1

அன்புள்ள அண்ணிக்கு,

வேன் டிரைவர் இந்தக் கடிதத்தோடு நாலு தட்டு நாற்று தருவார். மொத்தம் எண்பது. நாற்பது எங்களுடையது, நாற்பது சாதாரண ரகம். இரண்டையும் கலந்து வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு சின்னக் குச்சி, அதில் ஒன்று முதல் எண்பது வரை எண். எந்த எண் எது என்ற பட்டியல் என் மேஜை இழுப்பறையில் பூட்டில் இருக்கிறது. உங்களுக்குச் சொல்ல மாட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். எது எதுவென்று தெரிந்துவிட்டால் தண்ணீர் ஊற்றுகிற கை தன்னை அறியாமல் ஒரு பக்கம் சாயும். உங்கள் கையைச் சொல்லவில்லை, என் கையும்தான்.

வயலிலேயே களை அதிகமாக இருந்த நடுப்பகுதியில் எண் வரிசைப்படி நடுங்கள். வழக்கமாக நீங்கள் செய்வதையெல்லாம் செய்யுங்கள்.

இது எப்படி வேலை செய்கிறது என்று அண்ணன் போனில் கேட்டார். எளிதாகச் சொல்கிறேன். தக்காளி வேர் மண்ணுக்குள் ஒரு வாசனையை விடும். மண்ணில் அதற்கு உதவி செய்கிற பூஞ்சைகள் உண்டு, அவற்றைக் கூப்பிடத்தான். இந்தக் களையின் விதை தூசி மாதிரி பதினைந்து வருடம்கூட மண்ணில் தூங்கும். யாரோ யாரையோ கூப்பிடுவதை ஒட்டுக்கேட்டுக்கொண்டு, வாசனை வந்ததும் எழுந்து வேரைப் பிடித்துக்கொள்ளும். எங்கள் செடி அந்த வாசனையை மிகக் குறைவாக விடுகிறது. கூப்பிடு சத்தமே கேட்காவிட்டால் அது தூங்கிக்கொண்டே இருக்கும்.

எங்கள் செடியைப் பற்றி ஒரே ஒரு விஷயத்தை வேண்டுமென்றே சொல்லாமல் விடுகிறேன். சொன்னால் பட்டியலைக் கையில் கொடுத்த மாதிரி ஆகிவிடும். அறுவடைக்குப் பிறகு சொல்கிறேன்.

உங்கள் நாத்தனார்


மார்ச் 22

டாக்டரம்மாவுக்கு,

நட்டு மூன்று வாரம் ஆகப்போகிறது. ஒன்று முதல் எண்பது வரை வரிசை பிசகாமல் நட்டேன். உன் அண்ணன்தான் கயிறு பிடித்தார். அவர் பிடித்த கயிறு எந்தக் காலத்தில் நேராக இருந்திருக்கிறது? வரிசை வேலிப் பக்கம் போய்த் திரும்பி வருகிறது.

ஒரு விஷயம் சொன்னால் வருத்தப்படாதே. உங்கள் நிலையத்தில் நாற்று வளர்க்கிறவர்களைக் கொஞ்சம் கவனி. அனுப்பியதில் பாதி கழிசல். தண்டு ஒன்று நேராக மேலே போக வேண்டாமா? கணுவுக்குக் கணு கிளை வெடித்து, துடைப்பத்தைத் தலைகீழாக நட்டுவைத்த மாதிரி நிற்கிறது. முதலில் பக்கத் தளிரைக் கிள்ளிப் பார்த்தேன். ஒன்று கிள்ளினால் இரண்டு வருகிறது. இருபது வருஷத்தில் அப்படி ஒரு செடியை என் வயலில் நான் விட்டுவைத்தது கிடையாது. உன்னைப் பெரிய ஆளாக நம்பி நாலு பேர் வந்து பார்க்கிற இடத்தில் உன் மானம் போகக் கூடாதே என்று, நேற்றுக் காலை உட்கார்ந்து முப்பத்தெட்டைப் பிடுங்கிவிட்டேன். அந்தந்த இடத்தில் என்னுடைய நல்ல நாற்றாகப் பார்த்து நட்டுவிட்டேன். யாரும் கண்டுபிடிக்க முடியாது.

பிடுங்கியவற்றின் குச்சிகளைக் கழுவிக் காயவைத்து ரப்பர் பேண்ட் போட்டு இத்துடன் அனுப்பியிருக்கிறேன். அடுத்த தடவைக்கு ஆகும்.

பிடுங்கியதை எறிய மனசு வரவில்லை. என்ன இருந்தாலும் நீ வளர்த்தது. குழாயடி மூலையில் நெருக்கமாக ஊன்றித் தண்ணீர் விட்டிருக்கிறேன். களை முதன்முதலில் வந்ததே அந்த மூலையில்தான். மூன்று வருஷமாக அங்கே ஒரு தக்காளி தேறியதில்லை. பிழைத்தால் பிழைக்கட்டும்.

அண்ணி


மார்ச் 26

அண்ணி, ஐயோ அண்ணி,

உங்கள் குச்சிக் கட்டைப் பிரித்து ஆய்வுக்கூடத் தரையில் பரப்பி, பக்கத்தில் பட்டியலை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். என் உதவியாளர் வந்து, "மேடம், உடம்பு சரியில்லையா?" என்று கேட்டுவிட்டுத் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

நீங்கள் பிடுங்கிய முப்பத்தெட்டும் எங்கள் செடி. முப்பத்தெட்டும்! சாதாரண ரகத்தில் ஒன்றைக்கூட நீங்கள் தொடவில்லை. அறுவடைக்குப் பிறகு சொல்கிறேன் என்று மறைத்துவைத்தேனே, அது இதுதான். வேரில் அந்த வாசனை குறைந்தால் செடி கிளை கிளையாக வெடிக்கும். இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிப் பிறந்தவை, பிரிக்க முடியவில்லை. நான் நாள்கணக்கில் வேரைச் சோதித்துப் பிரிப்பதை நீங்கள் ஒரு காலை நேரத்தில் பிரித்துவிட்டீர்கள். பிரித்து, வீசிவிட்டீர்கள்.

சிரிப்பதா அழுவதா தெரியாமல் இரண்டையும் செய்தேன்.

வரிசையில் மிச்சம் இருக்கும் எங்கள் செடி இரண்டே இரண்டு: 23, 61. தயவுசெய்து அந்த இரண்டிலும் கை வைக்காதீர்கள். கிள்ளவும் வேண்டாம், பார்த்துப் பெருமூச்சு விடவும் வேண்டாம். அப்படியே விடுங்கள்.

குழாயடியில் ஊன்றியதாக எழுதியிருக்கிறீர்கள். களை முதலில் வந்தது அங்கேதான் என்பது உங்களுக்கு உறுதியாகத் தெரியுமா?

உங்கள் நாத்தனார்


ஏப்ரல் 4

டாக்டரம்மாவுக்கு,

இரண்டு நாள் உன் கடிதத்துக்குப் பதில் எழுதாமல் இருந்தேன். முதல் நாள் எனக்கு என் மேலே கோபம். இரண்டாம் நாள் அது உன் பக்கம் திரும்பிவிட்டது. எனக்கு அப்படித்தான் வசதி.

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே? "அண்ணி, எப்படி இருந்தாலும் எதையும் பிடுங்காதீங்க" என்று ஒரே ஒரு வரி. அதைச் சொன்னால் எந்தப் பட்டியல் வெளியே போயிருக்கும்? வயலைக் கொடு என்று கேட்கிற அளவுக்கு என்னை நம்பினாய். வாயைத் திறந்து ஒன்றைச் சொல்கிற அளவுக்கு நம்பவில்லை. "வழக்கமாகச் செய்வதையெல்லாம் செய்யுங்கள்" என்று எழுதியவள் நீ. துடைப்பத்தைப் பிடுங்குவதுதான் என் வழக்கம்.

23 எப்படித் தப்பியது என்று யோசித்துப் பார்த்தேன். உன் அண்ணனின் கோணல் கயிறு அதை வேலியோரம் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறது, என் கண்ணில் படவில்லை. 61-ல் கை வைத்த நேரத்தில் கோழிப்பண்ணைக்காரர் வேலிக்கு வெளியே நின்று கூப்பிட்டார். எழுந்து போனவள் திரும்பி வந்து 62-லிருந்து ஆரம்பித்துவிட்டேன் போலிருக்கிறது. அந்த மனுஷரால் ஒரு நல்ல காரியம் நடந்திருக்கிறது.

இப்போது இரண்டுக்கும் சுற்றிக் கல் அடுக்கியிருக்கிறேன். பெருமூச்சு விடவில்லை. ஒரே ஒரு தடவை முறைத்தேன்.

குழாயடியில் மூன்று செடி செத்துவிட்டது. என் கைதான் காரணம், வேரை அறுத்துப் பிடுங்கியிருக்கிறேன். மற்றவை தலை தூக்கிவிட்டன. களை அங்கேதான் முதலில் வந்தது. எனக்கு உறுதியாகத் தெரியும். எதற்குக் கேட்கிறாய்?

அண்ணி


மே 2

டாக்டரம்மாவுக்கு,

வந்துவிட்டது.

நேற்றும் இன்றும் குனிந்து ஒவ்வொரு செடியின் அடியிலும் பார்த்தேன். வரிசையில் சாதாரண ரகமும் என் நாற்றுமாகச் சேர்ந்து எழுபத்தெட்டு. அதில் எழுபத்தொன்றின் காலடியில் முளைத்திருக்கிறது. நான் பெருமையாக நட்டேனே, "நல்ல நாற்றாகப் பார்த்து" என்று, அவற்றில் ஒன்றுகூட மிச்சமில்லை. நேராக, அழகாக, ஒரே தண்டாக நின்று வாடுகின்றன.

23-ன் அடி சுத்தம். 61-ன் அடியும் சுத்தம். விரலை விட்டுக் கிளறிக்கூடப் பார்த்தேன். 60-க்கும் 62-க்கும் கொத்துக் கொத்தாக வந்திருக்கிறது, நடுவில் உன் துடைப்பம் எதையும் கண்டுகொள்ளாமல் பூ விட்டுக்கொண்டு நிற்கிறது.

ஓடிப்போய் உன் அண்ணனைக் கூட்டிவந்து காட்டினேன். அவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தார். "ரெண்டு செடிதானே? அதிர்ஷ்டமாக்கூட இருக்கும். ரெண்டு செடிய நம்பி யாராவது வெள்ளாமை பண்ணுவாங்களா?" என்றார். கோபம் வந்தது. இரண்டின் காலடியையும் இன்னொரு தடவை கிளறிப் பார்த்தேன்.

இனி குழாயடிதான். அங்கே மூன்று வாரம் பிந்தி ஊன்றியது, அதனால் முளைக்க இன்னும் நாள் இருக்கிறது. முப்பத்தைந்து செடி. அத்தனைக்கும் அதிர்ஷ்டம் அடிக்கும் என்று உன் அண்ணனால்கூடச் சொல்ல முடியாது. தினமும் காலையில் தண்ணீர் பிடிக்கிற சாக்கில் போய்ப் பார்க்கிறேன். பரீட்சை எழுதிவிட்டு வந்த பிள்ளை மாதிரி சாயங்காலமும் ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.

எதற்குக் கேட்டாய் என்று கேட்டதற்கு நீ இன்னும் பதில் எழுதவில்லை. நான் மறக்கவில்லை.

அண்ணி


மே 8

அன்புள்ள அண்ணிக்கு,

'இன்னொரு நாள்' எந்த மாதம் வருகிறது என்று கேட்டிருந்தீர்கள். இந்த மாதம்தான்.

வேலையாட்கள் முன்னால் உங்களைப் பார்த்துக் கத்திவிட்டுத் திரும்பி வந்த அந்த வாரமே நான் என் பழைய குறிப்பேடுகளை எடுத்துப் பார்த்தேன். எந்த வருடம் களை வந்திருக்கும் என்று கணக்குப் போடத்தான் எடுத்தேன், நான் சொன்னதுதான் சரி என்று நிரூபிக்க. நாலு வருடத்துக்கு முந்தைய நோட்டில் என் கையெழுத்திலேயே இருந்தது. ஜூலை 14: காளான் தாக்கிய வயல்களில் கணக்கெடுப்பு, நல்ல மழை, சேறு. அதற்கு அடுத்த வரி, ஜூலை 15: அண்ணன் வீடு.

அதே செருப்பு, அண்ணி. நேராக உங்கள் வயலுக்குள் வந்தேன், பழம் பறித்துத் தின்றேன், போகும்போது குழாயடியில் உட்கார்ந்து குச்சியால் சேற்றைச் சுரண்டிக் கழுவினேன். புதிதாக வருகிற மாணவர்களுக்கு நான் நடத்தும் முதல் பாடமே இதுதான். ஒரு வயலில் போட்ட செருப்போடு இன்னொரு வயலில் கால் வைக்காதே. அடுத்தவர் வயல் என்றால் நான் மறந்திருக்கவே மாட்டேன். அது நம் வீடு. வீட்டுக்குப் போகிறவள் எதைப் பற்றி யோசிப்பாள்?

இரவல் மெஷின் மேல் தப்பே இல்லை. உங்கள் மேலும் இல்லை. ஒன்றரை வருடமாக இது தெரிந்தும் சொல்லாமல் இருந்தேன். செடி ஜெயித்த பிறகு சொன்னால் கொஞ்சம் குறைவாக வலிக்கும் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன். நீங்கள் 'குழாயடி' என்று எழுதியதைப் படித்ததும் அந்தக் கணக்கெல்லாம் போயிற்று. இப்போது செடி ஜெயிக்குமா என்றே தெரியாது. தெரிவதற்கு முன்னாலேயே சொல்லிவிட வேண்டும் என்று எழுதுகிறேன்.

உங்கள் வயலைக் கெடுத்தது நான். வெட்கமாக இருக்கிறது. இனி என்னைக் கூப்பிட வேண்டாம் என்று நீங்கள் நினைத்தால் அதுவும் நியாயம்தான். குழாயடியில் என்ன ஆயிற்று என்று மட்டும் யாரையாவது விட்டு எழுதச் சொல்லுங்கள்.

உங்கள் நாத்தனார்


ஜூன் 9

டாக்டரம்மாவுக்கு,

உன்னை ஒரு மாதம் காக்க வைத்துவிட்டேன். கோபத்தில் இல்லை. எண்ணி முடிக்காமல் எழுதக் கூடாது என்றிருந்தேன். நீதான் சொல்லிக்கொடுத்தாய், முன்கூட்டித் தெரிந்தால் கை சாயும் என்று.

முப்பத்தைந்து செடி. முப்பத்துநாலின் அடியில் ஒன்றுமே இல்லை. ஒன்றின் அடியில் மட்டும் ஒரே ஒரு முளை, அதுவும் சோனி, பூக்கிறதற்குள் காய்ந்துவிட்டது. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். வேலை சுத்தமாக இருக்க வேண்டும். அந்த மூலையில் நிஜமாகவே களை இருக்கிறதா என்று உன் அண்ணனுக்குச் சந்தேகம் வந்துவிடக் கூடாதே என்று, நடுவில் என் நாற்று நாலைந்தை ஊன்றிவைத்திருந்தேன். அத்தனையும் போயிற்று.

காய் கொஞ்சம் சிறுசு. அதைக் குறையாக எழுதிக்கொள். ஆனால் கிளைக்குக் கிளை பிடித்திருக்கிறது. கிள்ளாமல் விட்டால் இப்படித்தான் இருக்கும் என்று இந்த வயதில் கற்றுக்கொண்டேன், யாரிடமும் சொல்லாதே.

வெள்ளிக்கிழமை கோழிப்பண்ணைக்காரர் டேப்போடு வந்தார். அளக்க ஆரம்பித்தால் குழாயடியிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். உன் அண்ணன் அங்கே போய் நின்றுகொண்டார். நான் ஜன்னலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். "இந்த இடம் இல்லைங்க. இதுல தக்காளி இருக்கு" என்றார். "அறுவடை முடிஞ்சதும் வரட்டுமா?" என்று அவர் கேட்டார். "முடிஞ்சதும் மறுபடியும் தக்காளிதான் போடப்போறோம்" என்று சொல்லி, அவர் பையில் ரெண்டு கை அள்ளிப் போட்டு அனுப்பினார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் அழுதிருப்பேன், அதனால் கேட்காததே நல்லது.

இனி உன் செருப்பு விஷயம்.

எனக்குத் தெரியாது என்றா நினைத்தாய்? அன்று குழாயடியில் நீ சேற்றைச் சுரண்டிக்கொண்டிருந்தபோது கைக்குச் சோப்பு எடுத்துக் கொடுத்தது யார்? அடுத்த பருவத்தில் அதே இடத்தில் முதல் முளை வந்ததையும் நான் பார்த்தேன். இலையே இல்லாமல் ஒரு தண்டு, அதில் வரிசையாக ஊதாப் பூ. களை என்று எனக்குத் தெரியவில்லை. அழகாக இருந்தது. தண்ணீர் படட்டும் என்று குழாயைக் கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்பிக்கூட வைத்தேன். ஒரு கொத்துப் பறித்து டம்ளரில் போட்டுச் சமையலறை ஜன்னலில் வைத்தேன். மற்றதெல்லாம் அங்கேயே காய்ந்து விதையைக் கொட்டட்டும் என்று விட்டுவிட்டேன். இரண்டு வருஷம்!

நீ அத்தனை பேர் முன்னால் கத்தியபோது நான் பதில் பேசாமல் நின்றேனே, பொறுமை என்று நினைத்தாயா? பொறுமையும் இல்லை ஒன்றும் இல்லை. வாயைத் திறந்தால் அந்த டம்ளரைப் பற்றிச் சொல்ல வேண்டி வருமே என்ற பயம். அதற்கப்புறம் உன்னோடு பேசாமல் இருந்ததும் அந்தப் பயத்தில்தான். கோபம் என்று ஊருக்குக் காட்டிக்கொண்டேன். கொண்டுவந்தது நீ, வளர்த்தது நான். உன் அண்ணனுக்கு இது இரண்டும் தெரிய வேண்டாம், உன் போன கடிதத்தை நான் அவர் கையில் கொடுக்கவே இல்லை. அவருக்கு உழவு மெஷின்காரர் மேல் ஒரு கோபம் இருக்கிறது, அதுவும் நியாயமில்லைதான். அந்த மெஷின்காரர் வீட்டுக்கு ஒரு கூடை பழம் கொடுத்தனுப்பிவிட்டேன்.

சொன்னபடி இப்போது கூப்பிடுகிறேன். வா. பழம் உதிர ஆரம்பித்துவிட்டது, விதைக்கு எதை விட வேண்டும் என்று நீதான் சொல்ல வேண்டும். என்னை விட்டால் மறுபடியும் நேராக நிற்பதைத்தான் எடுப்பேன்.

பஸ்ஸில் வருகிற செருப்பை வெளி கேட்டிலேயே கழற்றிவிடு. அங்கே ஆணியில் ஒரு புது ரப்பர் செருப்பு மாட்டியிருக்கிறது, ஏழாம் நம்பர். அது இந்த வயலை விட்டு வெளியே போகாது, உன்னைத் தவிர யாரும் போடவும் கூடாது. அடையாளத்துக்கு ஒரு செடிக்குச்சியில் பெயர் எழுதிக் கட்டச் சொன்னேன். உன் அண்ணன் 'டாக்டர்' என்று எழுதிக்கொண்டுவந்தார். அதை வாங்கித் திருப்பிப்போட்டு, நானே 'வாலு' என்று எழுதிக் கட்டியிருக்கிறேன்.

அண்ணி